குப்புறப் படுக்க வைத்து ஆபரேஷன்: கைக்குழந்தையின் மூச்சு என்ன ஆகும்?

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார். ஐந்து மாத ஆண் குழந்தை. இடுப்புக்குக் கீழே, முதுகுத் தண்டோடு ஒட்டியபடி பிறவியிலேயே ஒரு கொழுப்புக் கட்டி. அதை எடுத்து, சிக்கிக்கொண்டிருக்கும் நரம்பை விடுவிக்க அடுத்த மாதம் ஆபரேஷன். மூன்று மணி நேரம் ஆகலாம், முழு மயக்கம், குப்புறப் படுக்க வைத்துத்தான் செய்வோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் எழுதியது இது: "குழந்தையைக் குப்புறப் போட்டுத் தூங்க வைக்கவே கூடாது என்று பிறந்த வார்டிலேயே சொல்லி அனுப்பினார்கள். இப்போது மயக்கமும் கொடுத்து, குப்புறவும் போட்டால் மூச்சு என்ன ஆகும்? ஒருக்களித்துப் படுக்க வைத்துச் செய்ய முடியாதா? அப்புறம், வீட்டுக்கு வந்ததும் தூளியில் போடலாமா என்று என் அம்மா கேட்கிறார்."

இதில் மூன்று கேள்விகள் இருந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: ஒரு டாக்டர் கூடாது என்கிறார், இன்னொரு டாக்டர் அதையே செய்யப்போகிறேன் என்கிறார், யார் சொல்வது சரி? நான் மயக்கவியல் டாக்டர். வடசென்னையில் பல வருடங்களாகக் குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்து வருகிறேன். அதில் கணிசமானவை இந்த மாதிரி முதுகு ஆபரேஷன்கள். உங்கள் குழந்தையை நான் பார்க்கவில்லை. அதனால் கட்டியைப் பற்றியோ, ஆபரேஷன் இப்போதே தேவையா என்பது பற்றியோ பேச மாட்டேன். அதை உங்கள் சர்ஜன்தான் சொல்ல வேண்டும். மூச்சைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். சுருக்கமாகச் சொன்னால் இரண்டு டாக்டர்களும் சரி. தொட்டிலில் யாரும் பார்க்காமல் குப்புறத் தூங்குவதும், தியேட்டரில் மூச்சுக்குழாய்க்குள் டியூப் போட்டு, மெஷின் மூச்சு கொடுக்க, ஒருவர் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும்போது குப்புறக் கிடப்பதும் மூச்சைப் பொறுத்தவரை வேறு வேறு நிலைமைகள். இரண்டாவதில் நுரையீரலுக்குச் சில சமயம் நன்மைகூட உண்டு. ஏன் என்று புரிய வேண்டுமானால் கைக்குழந்தை எப்படி மூச்சு விடுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பெரியவர்களின் விலாக்கூடு பிரம்புக் கூடை மாதிரி, உள்ளே ஒன்றும் இல்லாவிட்டாலும் வடிவம் மாறாமல் நிற்கும். கைக்குழந்தையுடையது மஞ்சப்பை மாதிரி, உள்ளே இருப்பதைப் பொறுத்துத்தான் அதன் வடிவம். எலும்பு முழுமையாக உருவாகாமல் பாதி குருத்தெலும்பாக இருக்கும். விலா எலும்புகள் நமக்குச் சரிந்து இறங்குவது போல இல்லாமல் கிட்டத்தட்டக் கிடையாக இருக்கும். அதனால் நெஞ்சை விரித்து மூச்சு இழுக்க அவற்றால் பெரிதாக உதவ முடியாது. வேலை முழுவதும் உதரவிதானத்தின், அதாவது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் தசையின், தலையில் விழுகிறது. குழந்தை தூங்கும்போது நெஞ்சு அசையாமல் வயிறு மட்டும் ஏறி இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான். அந்த உதரவிதானத்திலும் களைப்படையாமல் நீண்ட நேரம் உழைக்கும் வகைத் தசைநார்கள் பிறந்த புதிதில் கால் பங்குதான் இருக்கும். பெரியவர்களுக்குப் பாதிக்கும் மேல். குறைமாதக் குழந்தைகளுக்கு இன்னும் குறைவு.

மூச்சை வெளியே விட்டபின் நுரையீரலில் கொஞ்சம் காற்று மிச்சம் இருக்கும். அடுத்த மூச்சு வரும்வரை ரத்தத்துக்கு ஆக்சிஜன் கொடுப்பது அந்தக் கையிருப்புதான். நெஞ்சுக்கூடு இவ்வளவு மென்மையாக இருந்தால், நுரையீரல் தன் இயல்பில் சுருங்கும்போது கூடும் சேர்ந்து உள்ளே போய்விடும், கையிருப்பு கரைந்துவிடும். விழித்திருக்கும் குழந்தை இதை ஒரு உத்தியால் சமாளிக்கிறது. மூச்சை விடும்போது குரல்வளையைக் கொஞ்சம் குறுக்கிக்கொண்டு, உதரவிதானத்தையும் முழுக்கத் தளர்த்தாமல், காற்றை மெதுவாக வெளியே விடும். முழுவதும் வெளியேறுவதற்குள் அடுத்த மூச்சைத் தொடங்கிவிடும். மூச்சுத் திணறும் பச்சைக் குழந்தை 'ங்.. ங்..' என்று முனகுவதும் இந்த உத்தியின் கடைசிக் கட்டம்தான். மயக்க மருந்து உள்ளே போனதும் இந்த உத்தி போய்விடுகிறது. தசைகளைத் தளர்த்தும் ஊசியும் போட்டால் சுத்தமாகப் போய்விடும். சிறு மூச்சுக்குழல்கள் மூடத் தொடங்கும், முதுகுப் பக்கத்துக் காற்றுப்பைகள் சுருங்கும். இது பெரியவர்களுக்கும் நடப்பதுதான். கைக்குழந்தைக்கு அதிகமாக, சீக்கிரமாக நடக்கும்.

இன்னொரு பக்கம் செலவு. எடைக்கு எடை பார்த்தால் கைக்குழந்தை பெரியவர்களைப் போல இரண்டு மடங்கு ஆக்சிஜனை எரிக்கிறது: கிலோவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 6, 7 மில்லி. நமக்கு 3, 4 மில்லி. கையிருப்பு குறைவு, செலவு இரட்டிப்பு. நல்ல ஆரோக்கியமான பெரியவருக்கு முழு ஆக்சிஜன் கொடுத்துவிட்டு மூச்சை நிறுத்தினால் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு இறங்கப் பல நிமிடங்கள் ஆகும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு ஒன்றரை நிமிடம் போல. சளி இருந்தால் அதுவும் இல்லை. குழந்தைகளுக்கு மயக்கம் கொடுப்பவர்கள் படுக்கும் நிலையைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவதற்கு இந்தக் கணக்குதான் காரணம். பெரியவருக்குச் சின்ன அசௌகரியமாக முடிவது இங்கே சில நொடிகளில் மானிட்டரின் சத்தத்தையே மாற்றிவிடும்.

இதுவரை சொன்னதில் சந்தேகத்துக்கு இடமில்லை. எந்த ஊர் மயக்கவியல் பாடத்திலும் இதுதான் இருக்கும்.

மல்லாக்கப் படுப்பதுதான் பாதுகாப்பு என்று பொதுவாக ஒரு எண்ணம் இருக்கிறது. மயக்கத்தில் அது முழு உண்மை இல்லை. கைக்குழந்தையின் தலை உடம்போடு ஒப்பிட்டால் பெரியது, பின்னந்தலை துருத்திக்கொண்டிருக்கும். சமதளத்தில் மல்லாக்கப் போட்டால் தலை முன்னால் மடிந்து தாடை நெஞ்சில் முட்டும். நாக்கும் வாய்க்குப் பெரியது, குரல்வளையும் நமக்கு இருப்பதைவிட மேலே இருக்கும். விழித்திருந்தால் தொண்டைத் தசைகள் வழியைத் திறந்து வைத்திருக்கும். மயக்கத்தில் அவை தளர்ந்தால் மூச்சு வழி அடைபடும். அதனால்தான் தோளுக்குக் கீழே ஒரு டவலை மடித்து வைக்கிறோம். கழுத்து முன்னும் மடியாமல், பின்னால் அண்ணாந்தும் போகாமல், நேராக இருந்தால் போதும். தாடையை லேசாகத் தூக்கிப் பிடித்து, மாஸ்க்கில் கொஞ்சம் அழுத்தத்தோடு காற்றைக் கொடுத்தால் பெரும்பாலான குழந்தைகளுக்கு வழி திறந்துவிடும். பயிற்சிக்கு வரும் இளம் டாக்டர்கள் மருந்தின் அளவையெல்லாம் தலைகீழாக ஒப்பிப்பார்கள், இந்த டவலை மறந்துவிடுவார்கள்.

மல்லாக்கப் படுப்பதில் இன்னொரு தொல்லை வயிறு. கைக்குழந்தைக்கு வயிறு பெரியது, ஈரல் பெரியது. அழுதழுது விழுங்கிய காற்று வேறு. மாஸ்க்கில் காற்று கொடுக்கும்போதும் கொஞ்சம் இரைப்பைக்குள் போகும். இந்த எல்லாமும் தளர்ந்துபோன உதரவிதானத்தை மேலே தள்ளும். ஊதிய வயிறோடு இருக்கும் குழந்தைக்கு மூச்சு கொடுக்க மெஷின் திணறும்போது, வாய் வழியாக ஒரு மெல்லிய டியூபை இரைப்பைக்குள் விட்டுக் காற்றை எடுத்துவிட்டால் அடுத்த நிமிடமே நிலைமை மாறும். குப்புறத் திருப்புவதற்கு முன்னால் நான் இதைத் தவறாமல் செய்வேன்.

சரி, இப்போது குப்புறப் படுப்பது. தியேட்டரில் குழந்தையை மெத்தையில் அப்படியே கவிழ்த்துப் போடுவதில்லை. மேல் நெஞ்சுக்குக் கீழே ஒரு உருளை, இடுப்பு எலும்புக்குக் கீழே இன்னொன்று வைத்துப் படுக்க வைப்போம். ஜெல் உருளை இருந்தால் அது, இல்லாவிட்டால் துணியையும் பஞ்சையும் சுற்றிச் செய்தது. இரண்டுக்கும் நடுவில் வயிறு எதிலும் முட்டாமல் தொங்க வேண்டும். குப்புறப் படுப்பது மூச்சுக்கு நல்லதா கெட்டதா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த ஒரு விஷயம்தான். வயிறு தொங்கினால் உதரவிதானம் கீழே இறங்க இடம் கிடைக்கும். மல்லாக்கக் கிடந்தபோது அமுங்கியிருந்த முதுகுப் பக்க நுரையீரல் இப்போது மேலே வந்துவிடும், இதயத்தின் கனமும் அதன்மேல் இல்லை. மயக்கத்தில் இருக்கும் குழந்தைகளை அளந்து பார்த்தபோது, வயிறு விடுபட்ட நிலையில் நுரையீரல் கையிருப்பு குறையவில்லை, கூடவும் செய்தது. வயிறு அமுங்கினால் எல்லாம் தலைகீழ். மெஷினுக்கு அதிக அழுத்தம் தேவைப்படும், காற்று குறைவாகப் போகும். கூடவே வயிற்றிலிருக்கும் பெரிய ரத்தக்குழாய் நசுங்கி, ரத்தம் முதுகெலும்பைச் சுற்றியுள்ள சிரைகள் வழியாகத் திரும்பப் பார்க்கும். சர்ஜன் வேலை செய்யும் இடத்தில் ரத்தக் கசிவு கூடும். வயிறு தொங்க வேண்டும் என்பதில் எங்களைவிட சர்ஜன் கறாராக இருப்பதற்கு அதுதான் காரணம்.

அப்படியானால் தொட்டிலில் மட்டும் ஏன் கூடாது? காரணம் எதுவுமே தெரியாமல் தூக்கத்தில் குழந்தைகள் இறந்துபோவது பற்றி மேல்நாடுகளில் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். குப்புறத் தூங்க வைக்கப்பட்ட குழந்தைகளில் அந்த மரணம் கூடுதல் என்று தெளிவாகத் தெரிந்தது. 1990-களின் தொடக்கத்தில் பிரிட்டன், அமெரிக்கா போன்ற நாடுகளில் மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்று பிரச்சாரம் செய்தார்கள். அந்த மரணங்கள் பாதிக்கும் கீழே இறங்கின. குப்புறப் படுத்த குழந்தை ஆழ்ந்து தூங்கும், திணறல் வந்தாலும் எளிதில் விழித்துக்கொள்ளாது. மெத்தையில் முகம் புதைந்தால் தான் விட்ட மூச்சையே திரும்ப இழுக்கும். உடம்பு சூடும் ஏறும். இந்தக் காரணங்கள் எதுவும் தியேட்டரில் பொருந்தாது. அங்கே குழந்தை விழித்துக்கொள்வதை யாரும் நம்பியிருப்பதில்லை. காற்று டியூப் வழியாக நேராக மூச்சுக்குழாய்க்குள் போகிறது. வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை ஒவ்வொரு மூச்சிலும் திரையில் கோடாகப் பார்க்கிறோம். பிறந்த குழந்தைகளின் தீவிர சிகிச்சை வார்டுக்குள் போன தாய்மார்கள் பார்த்திருப்பார்கள், குறைமாதக் குழந்தைகளை நர்ஸ்கள் குப்புறப் படுக்க வைத்திருப்பார்கள். ஆக்சிஜன் நன்றாக ஏறும் என்பதற்காகத்தான். காலில் மானிட்டர் வயர் ஓடிக்கொண்டிருக்கும். அதே குழந்தை வீட்டுக்குப் போகும்போது மல்லாக்கத்தான் தூங்க வேண்டும் என்று அதே நர்ஸ் சொல்லி அனுப்புவார். உங்களுக்குச் சொன்னதும் அதுதான்.

குப்புற இருக்கப்போகும் மூன்று மணி நேரத்தை நினைத்து நீங்கள் பயப்படுகிறீர்கள். எனக்குப் பதற்றம் கொடுப்பவை வேறு இரண்டு கட்டங்கள். முதலாவது, திருப்பும் நேரம். மயக்கம் கொடுப்பதும் டியூப் போடுவதும் மல்லாக்க வைத்துத்தான். அதன் பிறகு குழந்தையைக் கவிழ்க்க வேண்டும். ஐந்து மாதக் குழந்தைக்குப் போடும் டியூபின் உள்விட்டம் 3.5 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அது உட்கார்ந்திருக்கும் மூச்சுக்குழாயின் நீளம் ஐந்து சென்டிமீட்டரை ஒட்டித்தான். கழுத்து முன்னால் மடிந்தால் டியூபின் நுனி ஆழமாகப் போகும். பின்னால் நிமிர்ந்தால் மேலே ஏறும். ஒரு சென்டிமீட்டர் வரைகூட நகரும். பெரியவருக்கு அது பொருட்டல்ல. இங்கே ஒரு சென்டிமீட்டர் ஆழமாகப் போனால் நுனி வலது நுரையீரலுக்குள் இறங்கிவிடும், இடது பக்கம் காற்றே போகாது. ஒரு சென்டிமீட்டர் மேலே வந்தால் வெளியே வந்துவிடக்கூடும், அதுவும் முதுகைத் திறந்து வைத்திருக்கும் நேரத்தில். எச்சில் வழிந்து பிளாஸ்திரி ஈரமாகி உரிவதும் குப்புறக் கிடக்கும்போது சகஜம்.

அதனால் திருப்பும் வேலை அவசரமில்லாமல் நடக்கும். டியூபை இரட்டைப் பிளாஸ்திரியால் ஒட்டுவோம். கண்களை மூடி ஒட்டுவோம். தலையையும் டியூபையும் மயக்க டாக்டர் பிடித்துக்கொள்வார், அவர் சொல்லும்போதுதான் மற்றவர்கள் திருப்ப வேண்டும். சில நொடிகளுக்கு மெஷின் குழாயைக் கழற்றித் திருப்பி மறுபடியும் மாட்டுவோம். உடனே ஸ்டெதஸ்கோப்பால் இரண்டு பக்கமும் கேட்போம். கார்பன் டை ஆக்சைடு கோடு வருகிறதா, அழுத்தம் ஏறியிருக்கிறதா, டியூப் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பார்ப்போம். கழுத்து எந்த நிலையில் நிற்கப்போகிறதோ அந்த நிலையில் வைத்து மறுபடியும் கேட்போம். வயிற்றுக்குக் கீழே கையை விட்டுப் பார்ப்போம். திருப்பும்போது சுருங்கிய காற்றுப்பைகளைத் திறக்கக் கொஞ்சம் கூடுதல் அழுத்தத்தில் சில மூச்சுகள் கொடுப்போம். குழந்தை வந்த டிராலியைத் தியேட்டரை விட்டு வெளியே அனுப்ப மாட்டோம். எதிர்பாராமல் மல்லாக்கத் திருப்ப வேண்டி வந்தால் அது பக்கத்திலேயே இருக்க வேண்டும். நீங்கள் வெளியே காத்திருக்கும்போது 'உள்ளே கொண்டுபோய் ஒரு மணி நேரம் ஆகிறது, இன்னும் ஆரம்பிக்கவில்லையாம்' என்று யாராவது சொன்னால் பயப்படாதீர்கள். மயக்கம், ஊசி வழி, டியூப், திருப்பல் எல்லாம் சேர்ந்து அவ்வளவு நேரம் பிடிக்கும்.

இரண்டாவது கட்டத்துக்கு வருவதற்கு முன்னால் நீங்கள் கேட்ட ஒருக்களித்த நிலை. சில முதுகு ஆபரேஷன்களை அப்படிச் செய்ய முடியும், ஆனால் உங்கள் குழந்தைக்குச் செய்வதுபோல நரம்புகளை ஒவ்வொன்றாகப் பிரிக்கும் நுண்ணிய வேலைக்கு முதுகு நேராகவும் இரண்டு பக்கமும் சமமாகவும் இருக்க வேண்டும். அதை முடிவு செய்பவர் சர்ஜன். மூச்சுக் கணக்கில் பார்த்தாலும் ஒருக்களிப்பது குப்புறத்தைவிட மேல் என்று சொல்ல முடியாது. இதில் ஒரு சுவாரசியம் உண்டு. பெரியவர் விழித்தபடி ஒருக்களித்துப் படுத்தால் கீழே இருக்கும் நுரையீரலுக்குத்தான் காற்று அதிகம் போகும், ரத்தமும் அதிகம் போகும், இரண்டும் பொருந்திவிடும். அதனால் ஒரு நுரையீரல் கெட்டிருந்தால் நல்ல பக்கத்தைக் கீழே வைக்கச் சொல்வார்கள். கைக்குழந்தைகளில் இது தலைகீழாக இருக்கிறது என்று 1980-களில் காட்டினார்கள். மேலே இருக்கும் நுரையீரலுக்குத்தான் காற்று அதிகம். மென்மையான நெஞ்சுக்கூட்டில் கீழ்ப்பக்கம் அமுங்கி, சிறு குழல்கள் மூடிக்கொள்வது ஒரு காரணம். உதரவிதானத்தின் கீழ்ப்பாதிக்குப் பெரியவர்களில் கிடைக்கும் அனுகூலம் இவ்வளவு சிறிய வயிற்றில் கிடைக்காதது இன்னொன்று. அதனால் ஒரு பக்கம் நிமோனியா இருக்கும் பச்சைக் குழந்தைக்கு நல்ல பக்கத்தை மேலே வைப்பார்கள். பெரியவர்களுக்குச் சொல்லும் விதியைக் குழந்தைக்கு அப்படியே போடக் கூடாது என்பதற்கு நான் மாணவர்களிடம் சொல்லும் முதல் உதாரணம் இது. பின்னால் வந்த புதிய கருவிகளால் அளந்தபோது இந்த வித்தியாசம் எல்லாக் குழந்தைகளிடமும் ஒரே மாதிரி தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, குழந்தை தானாக மூச்சு விடுகிறதா மெஷின் கொடுக்கிறதா என்பதைப் பொறுத்து மாறுகிறது. எனவே இதை ஒரு போக்கு என்று எடுத்துக்கொள்ளலாம், சட்டம் என்று சொல்ல மாட்டேன்.

சந்தேகமான இடங்கள் இன்னும் சில உண்டு. குப்புற நிலையில் நுரையீரல் கையிருப்பு கூடுகிறது என்றேனே, அதனால் ஆபரேஷன் முடிந்தபின் ஆரோக்கியமான குழந்தைக்கு ஏதாவது நன்மை மிஞ்சுகிறதா? அதைக் காட்டுவது கடினம். பெரும்பாலான குழந்தைகளுக்கு மெஷினில் மூச்சின் முடிவில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் அளவுக்கு ஒரு அழுத்தத்தை விடாமல் வைத்திருந்தாலே இழந்த கையிருப்பில் பெரும்பகுதி திரும்பிவிடும், எப்படிப் படுத்திருந்தாலும் சரி. மயக்கத்தில் சுருங்கிய காற்றுப்பைகளை ஸ்கேனில் பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் நல்ல நுரையீரல் உள்ள குழந்தை விழித்து, அழுது, இருமினால் அவற்றில் பெரும்பாலானவை திறந்துவிடும். நூறு சதவீத ஆக்சிஜன் கொடுத்தால் காற்றுப்பைகள் சீக்கிரம் சுருங்கும் என்பது உண்மைதான். ஆனால் டியூப் போடும் நேரத்திலும் திருப்பும் நேரத்திலும் அதைக் கொடுக்காமலிருக்க எனக்கு மனம் வராது. அந்த ஒன்றரை நிமிடம் எனக்குத் தேவை. அப்புறம் குறைத்துக்கொள்வேன். மேஜையின் தலைப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தினால் மூச்சுக்கு நல்லது என்று பெரியவர்களுக்குச் சொல்வது கைக்குழந்தைக்கும் பெரிய அளவில் உதவுமா என்பதும் தெளிவில்லை. தலைப்பக்கத்தை நன்றாகத் தாழ்த்தினால் குடலும் ஈரலும் உதரவிதானத்தில் வந்து உட்கார்ந்து மூச்சைக் கெடுக்கும் என்பதில் மட்டும் சந்தேகமில்லை. லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சிறு துளை போட்டு கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன், செய்யும் குழந்தைகளுக்கு இது பெரிய விஷயம். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

இப்போது இரண்டாவது கட்டம், ஆபரேஷன் முடிந்த பின். குழந்தையை மறுபடியும் மல்லாக்கத் திருப்பி, நன்றாக விழிக்கவிட்டு, கைகால் உதைத்து மூச்சு விடுவதைப் பார்த்துத்தான் டியூபை எடுப்போம். குப்புறக் கிடந்ததில் முகம், உதடு, இமை கொஞ்சம் வீங்கியிருக்கும். முதல் முறை பார்க்கும் பெற்றோர் அதிர்ந்துபோவார்கள். ஒரு நாளில் வடிந்துவிடும். வீக்கம் தொண்டைக்குள்ளும் இருந்தால்தான் கவலை. கைக்குழந்தையின் மூச்சு வழியின் விட்டம் நான்கு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் ஒரே ஒரு மில்லிமீட்டர் வீங்கினால் வழியின் பரப்பு கால் பங்காகிவிடும், காற்றுக்குத் தடை பதினாறு மடங்கு ஏறும். மூச்சு இழுக்கும்போது கரகரவென்று சத்தமோ, கழுத்துக்குழி உள்ளே போவதோ தெரிந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள், கேட்டால் திட்டுவார்களோ என்று தயங்க வேண்டாம்.

தியேட்டரில் உங்களுக்குச் சொல்லாமல் விட்டிருக்கக்கூடிய ஒரு விஷயம்: வார்டிலும் குழந்தையைச் சில நாட்கள் குப்புறவோ ஒருக்களித்தோதான் வைத்திருக்கச் சொல்வார்கள். காயம் அழுந்தக் கூடாது, மலமும் சிறுநீரும் அதில் படக் கூடாது, தண்டுவட நீர் கசியக் கூடாது. மயக்கமும் வலி மருந்தும் முழுவதும் இறங்காத குழந்தை, டியூப் இல்லாமல் குப்புறக் கிடக்கும் நேரம் இது. தொட்டில் பற்றிச் சொன்ன எச்சரிக்கை இங்கே மறுபடியும் உயிர் பெறுகிறது. அதனால் குறைந்தது முதல் 24 மணி நேரமாவது காலிலோ கையிலோ ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் இருக்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள். படுக்கை கெட்டியாக இருக்க வேண்டும், தலையணை வேண்டாம், முகம் ஒரு பக்கம் திரும்பி மூக்கும் வாயும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஐந்து மாதக் குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும், மூக்கில் சளி அடைத்தால் சொல்லுங்கள். யாராவது ஒருவர் விழித்திருங்கள், ஆனால் மானிட்டர் இருக்கும்வரை விழிப்பை மட்டும் நம்ப வேண்டாம். இரண்டு இரவு தூங்காத பாட்டியும் தூங்கிவிடுவார். வீட்டுக்குப் போகும் நாளில், எப்போதிலிருந்து மல்லாக்கப் படுக்க வைக்கலாம் என்று சர்ஜனிடம் தேதி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தூளி பற்றி உங்கள் அம்மா கேட்டது நல்ல கேள்வி. புடவைத் தூளியில் குழந்தையின் முதுகு வளைந்து, தலை முன்னால் மடியும். தாடை நெஞ்சில் முட்டுவது பற்றி மேலே சொன்னேனே, அதேதான். நல்ல நிலையில் இருக்கும் குழந்தை கழுத்தை அசைத்துச் சரிசெய்துகொள்ளும். வலி மருந்தில் சொக்கிக் கிடக்கும் குழந்தைக்கு அது வராது. துணி முகத்தை மூடியிருந்தால் வெளியிலிருந்து தெரியவும் தெரியாது. போதாததற்கு முதுகுக் காயம் வளைவில் இழுபடும். எனவே தையல் ஆறி, சர்ஜன் சரி என்று சொல்லும்வரை தூளி வேண்டாம். பாயோ கெட்டி மெத்தையோ போதும். பாட்டி காலை நீட்டி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதும் அதற்குப் பிறகுதான்.

மயக்க டாக்டரிடம் நீங்களாகவே சொல்ல வேண்டியவை சில இருக்கின்றன. குழந்தை எத்தனை வாரத்தில் பிறந்தது என்று சொல்லுங்கள். 37 வாரத்துக்கு முன் பிறந்திருந்தால், கருவிலிருந்த வாரங்களையும் சேர்த்து 60 வாரம் ஆகும்வரை, மயக்கத்துக்குப் பின் மூச்சு நின்று நின்று வரும் ஆபத்து உண்டு. அந்தக் குழந்தைகளை இரவு முழுவதும் மானிட்டரில் வைப்போம். கையுறை, பலூன், ரப்பர் பொருள் எதிலாவது தடிப்பு வந்ததா என்றும் சொல்லுங்கள், தண்டுவடக் குறையோடு பிறந்த குழந்தைகளுக்கு ரப்பர் ஒவ்வாமை மற்றவர்களைவிட அதிகம். தாய்ப்பால் நான்கு மணி நேரத்துக்கு முன் நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள், புட்டிப்பால் என்றால் ஆறு மணி நேரம். அழுகிறதே என்று தெரியாமல் ஒரு வாய் கொடுத்துவிட்டு மறைக்க வேண்டாம். கொடுத்துவிட்டால் சொல்லிவிடுங்கள், நேரத்தைத் தள்ளி வைத்தால் முடிந்தது.

எல்லாவற்றையும்விட முக்கியம் சளி. மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு, அல்லது சளி பிடித்து விட்டு இரண்டு வாரம்கூட ஆகாத குழந்தைக்கு மயக்கத்தில் மூச்சுக்குழல் இறுகுவதும் குரல்வளை அடைத்துக்கொள்வதும் ஆக்சிஜன் இறங்குவதும் கூடுதலாக நடக்கும். படுக்கை நிலையால் வரும் தொல்லையைவிட இதனால் வரும் தொல்லையை நான் அதிகம் பார்க்கிறேன். அவசரமில்லாத ஆபரேஷனை அதற்காகச் சில வாரம் தள்ளினால் கோபப்பட வேண்டாம். நம் பகுதியில் மணலி, எண்ணூர் பக்கக் காற்றையோ லாரிப் புழுதியையோ நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. வீட்டுக்குள் இருப்பதைச் செய்யலாம். வீட்டில் யாராவது பீடி, சிகரெட் பிடித்தால் குழந்தைக்கு மயக்கத்தில் மூச்சுத் தொல்லை கூடும் என்பது உறுதியாகத் தெரிந்த விஷயம். கொசுவர்த்திச் சுருள், குளிப்பாட்டியபின் தலைக்குக் காட்டும் சாம்பிராணிப் புகை இவற்றுக்கு அந்த அளவு ஆதாரம் கேட்டால் என்னால் காட்ட முடியாது, ஆனாலும் நான் பார்க்கும் பெற்றோர்களிடம் இரண்டையும் நிறுத்தச் சொல்கிறேன். ஆபரேஷன் வரைக்கும் கொசுவலை கட்டுங்கள், தலையை நல்ல பருத்தித் துண்டால் துவட்டினாலே காய்ந்துவிடும். முந்தின நாள் இரவு புதிதாக இருமல் தொடங்கினால் காலையில் அட்மிஷனில் முதலிலேயே அதைச் சொல்லிவிடுங்கள்.